நாவூவின் நீராவிப் படகுகள்: கடன், பங்கு, வாடகை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மார்மன் மக்கள் மிசிசிப்பி ஆற்றங்கரையில் எழுப்பிய ஊர் நாவூ. அந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் கோயிலைப் பற்றியும் அதன் தலைவர் ஜோசப் ஸ்மித் கொல்லப்பட்டதைப் பற்றியும் நிறையவே எழுதிவிட்டார்கள். படகுகளைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஊருக்கு ஆள் வந்தது படகில், சரக்கு வந்தது படகில். ஊரை நெடுங்காலம் துரத்திய ஒரு கடனும் படகால் வந்ததுதான். படகை யார் பெயரில் எடுத்தார்கள், அது உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தச் சமூகம் எப்படி நடந்தது என்பதே விளங்கிவிடும்.

நாவூ எங்கே இருக்கிறது? அங்கே குடியேறியவர்கள் யார்?

இலினாய் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், மிசிசிப்பி பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது. எதிர்க்கரையில் அயோவா. பிற்காலப் புனிதர்கள் என்று தங்களை அழைத்துக்கொண்ட மார்மன் மக்களை மிசூரி மாநிலம் 1838–39 குளிர்காலத்தில் விரட்டியடித்தது. அழித்துவிடுங்கள், இல்லையென்றால் மாநிலத்தை விட்டே துரத்துங்கள் என்று ஆளுநர் பாக்ஸ் 1838 அக்டோபர் 27 அன்று எழுத்திலேயே உத்தரவு போட்டிருந்தார். வீடு, நிலம், மாடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் 1839இல் இந்தச் சதுப்பு நிலத்தைக் கடனுக்கு வாங்கினார்கள். சதுப்பை வடிகட்டினார்கள், மலேரியாவில் செத்தார்கள், ஆனாலும் நின்றார்கள். ஐந்தாறு ஆண்டில் ஊரில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1837இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி அப்போதும் தீரவில்லை. நாவூவில் ரொக்கம் என்பது அபூர்வம். நிலத்துக்கு நிலம், வேலைக்குத் தானியம், கடனுக்குப் புரோநோட்டு என்றுதான் புழக்கம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தைக்கூடப் பலர் பத்து நாளுக்கு ஒரு நாள் கோயில் வேலை செய்துதான் கழித்தார்கள்.

ஆற்றில் அத்தனை படகு ஓடும்போது தங்களுக்கென்று ஒரு படகு எதற்கு?

ஆற்றில் படகு ஓடியது. ஆனால் நாவூவுக்கு வந்து சேர்வது எளிதாக இல்லை. ஊருக்குத் தெற்கே டெ மாயின் நீர்விரைவு என்று ஒரு பகுதி உண்டு. நாவூ–மான்ட்ரோஸ் பக்கம் தொடங்கி கியோகக் வரை சுமார் 11 மைல். அதற்குள் ஆறு 22 அடி இறங்கிவிடும். அடியில் சுண்ணாம்புப் பாறை. கோடையில் தண்ணீர் வற்றினால் பெரிய படகு மேலே ஏறாது. கீழேயே சரக்கை இறக்கித் தட்டைப் படகுகளில் மாற்றி, கழி ஊன்றியும் குதிரை கட்டி இழுத்தும் மேலே கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காசு. எனவே நீர்விரைவைத் தாண்டி ஏறக்கூடிய, ஆழம் குறைவாகத் தேவைப்படும் சிறு படகு ஒன்று ஊர்க்காரர்கள் கையில் இருந்தால் அது பெரிய பலம்.

இரண்டாவது காரணம் மனிதர்கள். 1840இல் இருந்து இங்கிலாந்தில் மதம் மாறியவர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். பெரும்பாலும் லிவர்பூலில் ஏறி நியூ ஆர்லியன்ஸில் இறங்கி, அங்கிருந்து ஆற்றுப் படகில் செயிண்ட் லூயிஸ், பிறகு நாவூ. 1846க்குள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் இப்படிக் கடல் தாண்டினார்கள். மான்செஸ்டர் நெசவாலைகளிலும் பிரெஸ்டனிலும் வேலை பார்த்த ஏழைகள் பலர். அவர்களை வழியில் யாரும் ஏமாற்றாமல், குடியும் சூதும் மலிந்த படகுகளில் சிதறவிடாமல், ஒரே கூட்டமாகக் கொண்டுவர சபை நினைத்தது.

ஆற்றை அவர்கள் புனிதமாகக் கருதினார்களா?

நேர்மாறு. 1831 ஆகஸ்டில் ஜோசப் ஸ்மித்தும் தோழர்களும் மிசூரி ஆற்றில் சிறு ஓடங்களில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஒருவர் தண்ணீரின் மேல் அழிவுச் சக்தி சவாரி செய்வதைக் கண்டதாகச் சொன்னார். மறுநாள் ஜோசப் சொன்ன வெளிப்பாடு ஒன்று நீர்வழிகளின் ஆபத்தை எச்சரித்தது. இன்றும் அது அவர்கள் வேதநூலில் 61ஆம் பிரிவாக இருக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படித்த மக்களே ஒன்பதாண்டு கழித்து நீராவிப் படகு வாங்கினார்கள். இதில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அன்றைய அமெரிக்க மேற்கில் ஆற்றை விட்டால் வேறு சாலை இல்லை.

ஒரு படகைக் கையில் எடுக்க அன்று என்னென்ன வழிகள்?

முழுதாக வாங்கலாம், ரொக்கம் இல்லாதவர்கள் புரோநோட்டு எழுதிக்கொடுத்து, ஜாமீன் கையெழுத்துக்கு நாலு பேரைப் பிடித்து வாங்கினார்கள். பங்கு வாங்கலாம், பாதி, கால், எட்டில் ஒன்று என்று படகின் உரிமை துண்டுதுண்டாக விற்கப்பட்டது. கேப்டனே பங்குதாரராக இருப்பது சகஜம்.

வாடகை இரண்டு விதம். ஒரு பயணத்துக்கு மட்டும் படகை ஆட்களோடு சேர்த்து மொத்தமாக அமர்த்திக்கொள்வது ஒன்று. கேப்டன், சுக்கான் பிடிக்கும் பைலட், இயந்திரக்காரர் எல்லோரும் உரிமையாளரின் ஆட்களாகவே இருப்பார்கள். அமர்த்தியவர் பணம் கட்டிவிட்டுத் தன் மக்களை ஏற்றுவார். வெறும் படகை மட்டும் மாதக்கணக்கிலோ பருவம் முழுக்கவோ குத்தகைக்கு எடுப்பது இன்னொன்று. அப்போது ஆட்களை அமர்த்துவதும் சம்பளம் கொடுப்பதும் குத்தகைதாரர் வேலை. குத்தகைக் காலத்தில் சட்டத்தின் கண்ணில் அவரே ஏறக்குறைய உரிமையாளர்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியும். கொதிகலன் வெடிக்கும் நாளில் அதுதான் எல்லாம்.

குத்தகைக்கு எடுத்தவர் தலையில் எந்தெந்தச் செலவு விழும்?

முதலில் விறகு. அந்தக் காலத்துப் படகுகள் விறகைத் தின்று ஓடின. ஆற்றங்கரை நெடுக விறகுக் கிடங்குகள். ஒரு நாளில் இரண்டு முறையாவது நிறுத்தி ஏற்ற வேண்டும். கீழ்த்தளப் பயணிகள் இறங்கி விறகு சுமக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் குறையும். பிறகு ஆட்கள் சம்பளம். எல்லாரையும்விடப் பைலட்டின் சம்பளம் கண்ணைப் பிடுங்கும், ஏனென்றால் ஆற்றின் ஒவ்வொரு மணல்திட்டும் முங்கிக் கிடக்கும் ஒவ்வொரு மரமும் அவர் மண்டைக்குள்தான் இருந்தன. கேப்டனுக்குக்கூட அவர் கையில் இருக்கும் சுக்கானைத் திருப்பச் சொல்லத் தயக்கம் இருந்தது.

காப்பீடு, பழுது, படகைத் திருப்பிக் கொடுக்கும்போது தேய்மானம் போக முன்பிருந்த நிலையிலேயே கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை, எல்லாம் உண்டு.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். மிசூரியிலும் அயோவா பிரதேசத்திலும் விறகு விற்றவர், சம்பள பாக்கி உள்ள கூலியாள் போன்றவர்கள் ஆள்மீது இல்லாமல் படகின் மீதே பெயர் சொல்லி வழக்குப் போடச் சட்டம் இடம் கொடுத்தது. ஷெரீப் வந்து படகைக் கட்டிப்போட்டுவிடுவார். குத்தகைதாரர் வைத்த பாக்கிக்கு உரிமையாளரின் படகு ஜப்தியாகலாம், உரிமையாளர் வைத்த பழைய பாக்கிக்குக் குத்தகைதாரரின் பயணம் நடுவழியில் நிற்கலாம். ஒரு பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு நூறு குடும்பங்களோடு துறையில் நிற்பவருக்கு இது என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

பனிக்காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேல் மிசிசிப்பி குளிர்காலத்தில் உறைந்துவிடும். அந்த மாதங்களில் படகு சம்பாதிக்காது. அதன்மேல் உள்ள கடன் வட்டி மட்டும் ஓடும்.

நாவூவின் முதல் படகு எது? அது ஏன் ஊரைக் கடனாளி ஆக்கியது?

இது முழுதாகச் சொல்லப்பட வேண்டிய கதை. 1837இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஒருவர் செயிண்ட் லூயிஸ் துறைமுகத்தையும் டெ மாயின் நீர்விரைவையும் சரிசெய்ய அனுப்பப்பட்டார். பெயர் ராபர்ட் ஈ. லீ, பிற்காலத்தில் உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படைகளை நடத்திய அதே லீ. பாறைகளை வெடிவைத்துத் தகர்க்கும் அந்த வேலைக்கு அரசு ஒரு நீராவிப் படகை வைத்திருந்தது. அதன் பெயரும் டெ மாயின். நிதி தீர்ந்ததும் வேலை நின்றது, உபகரணங்களை விற்றார்கள்.

1840 செப்டம்பர் 10 அன்று பீட்டர் ஹாஸ் என்ற மார்மன் வணிகர் அந்தப் படகையும் இரண்டு சரக்குப் படகுகளையும் லீயிடம் வாங்கினார். விலை 4,866 டாலர் 38 சென்ட். ரொக்கம் ஒரு பைசா இல்லை. எட்டு மாதத்தில் தருவதாகப் புரோநோட்டு. அதில் ஹாஸுடன் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர்கள் ஜார்ஜ் மில்லர், ஹென்றி மில்லர், ஜோசப் ஸ்மித், அவர் அண்ணன் ஹைரம். படகுக்கு நாவூ என்று புதுப்பெயர் வைத்தார்கள்.

அந்த இலையுதிர்காலமே முடிவதற்குள் படகு சிதைந்தது. பைலட்டுகள் வழக்கமான நீரோட்டப் பாதையை விட்டு விலகிப் பாறையிலும் மணலிலும் ஏற்றிவிட்டார்கள் என்று அவர்கள்மேல் வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். பலன் இல்லை. பாறைகளை அகற்ற அரசு வைத்திருந்த படகு அதே ஆற்றுப் பாறையில் மோதி முடிந்தது. சம்பாதிக்க வேண்டிய எட்டு மாதத்தில் அது ஓடியது சில வாரங்கள். புரோநோட்டு மட்டும் முழுதாக இருந்தது, அதுவும் அமெரிக்க அரசின் கையில்.

அந்தக் கடன் எப்போது தீர்ந்தது?

1852இல். ஜோசப் ஸ்மித் இறந்து எட்டாண்டு கழித்து.

நடுவில் நடந்தது இது. 1841 மே மாதத் தவணை தவறியது. 1842 ஏப்ரலில் ஜோசப்பும் ஹைரமும் இன்னும் சிலரும் அப்போது புதிதாக வந்திருந்த திவால் சட்டத்தின் கீழ் மனுப் போட்டார்கள். நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்பார்களே, அதுதான். ஜூன் 11 அன்று படகுக் கடனுக்காக அரசுக்குச் சாதகமாக 5,212 டாலர் சொச்சத்துக்குத் தீர்ப்பு வந்தது. நிலத்தை அடமானம் வைத்துத் தவணையில் கட்டுகிறேன் என்று ஜோசப் தரப்பு கேட்டது. மூன்றில் ஒரு பங்கையாவது ரொக்கமாகக் கட்டு என்றது கருவூலத் தரப்பு. ரொக்கம்தான் அந்த ஊரில் இல்லாத பொருள். அரசு வழக்கறிஞர் பட்டர்ஃபீல்டின் எதிர்ப்பால் ஜோசப்புக்குத் திவால் விடுதலை கிடைக்கவே இல்லை.

1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் கும்பல் ஜோசப்பையும் ஹைரமையும் சுட்டுக்கொன்றது. கடன் ஜோசப்பின் மனைவி எம்மாவின் வாசலுக்கு வந்தது. கணவர் பெயரில் எது சொந்தம், அறங்காவலர் என்ற முறையில் சபைக்காக வைத்திருந்தது எது என்றே பிரிக்க முடியாத நிலை. மதச் சங்கங்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற இலினாய் சட்டம் சிக்கலை இன்னும் இறுக்கியது. கடைசியில் கூட்டாட்சி நீதிமன்றம் நிலங்களை விற்கச் சொன்னது. கிடைத்த 11,148 டாலரில் 7,870 டாலரை அரசு எடுத்துக்கொண்டது. எம்மாவின் விதவைப் பங்கு 1,809 டாலர்.

சில வாரம் ஓடிய படகுக்கு ஒரு விதவை பன்னிரண்டாம் ஆண்டில் நிலத்தை இழந்தாள். இந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. புரோநோட்டில் ஐந்து பேர் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. நடைமுறையில், யாருடைய நிலம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறதோ அவர் வீட்டுக்குத்தான் கடன்காரர் வருவார்.

அப்படியானால் அது மோசடியா?

அன்றைய எதிரிகள் அப்படித்தான் சொன்னார்கள். சபையை விட்டு வெளியேறிய ஜான் சி. பென்னட், திவால் மனுவுக்கு முன்பு சொத்துகளை வேண்டுமென்றே கைமாற்றினார்கள் என்று 1842இல் குற்றம் சாட்டினார். என் முடிவு வேறு. வாங்கியவர்கள் ஏமாற்ற நினைத்தவர்களாகத் தெரியவில்லை. பெரிய நம்பிக்கையும் சின்ன அனுபவமும் கொண்ட ஆட்கள் செய்த தவறு இது. காப்பீடு போலப் பின்னால் ஏதும் இல்லாமல், நீர் வற்றும் பருவத்தில், அந்த ஆற்றின் மிக மோசமான பகுதியில் ஓட்டப் படகு வாங்கினார்கள். சபைத் தலைவரின் கையெழுத்தை வியாபாரப் புரோநோட்டில் போடச் சொன்னதுதான் பெரிய பிழை. அதன்பின் படகுக் கடன் சபையின் கடனாகவும் தலைவரின் குடும்பக் கடனாகவும் ஆகிவிட்டது.

மெய்ட் ஆஃப் அயோவா என்பது எது?

நாவூ மக்கள் உண்மையிலேயே நேசித்த படகு அது. 1842இல் அயோவாவில் ஸ்கங்க் ஆற்றங்கரையில் அகஸ்டா என்ற இடத்தில் கட்டினார்கள். நீளம் சுமார் 115 அடி, சுமார் 60 டன். மிசிசிப்பியின் பெரிய படகுகளுக்கு முன்னால் சிறு பிள்ளை. கட்டியவர்கள் லெவி மொஃபிட், டான் ஜோன்ஸ் என்ற இருவர். ஜோன்ஸ் வேல்ஸ்காரர், உயரம் குறைந்தவர், நெஞ்சுரம் நிறைந்தவர். 1843 ஜனவரியில் மதம் மாறினார்.

அதே ஆண்டு ஏப்ரல் 12 மாலை ஐந்து மணியளவில் இந்தப் படகு சுமார் 200 ஆங்கிலேயக் குடியேறிகளோடு நாவூ துறையில் வந்து நின்றது. பனி ஆற்றை அடைத்ததால் குளிர்காலம் முழுக்கச் செயிண்ட் லூயிஸ், ஆல்ட்டன் பக்கம் முடங்கிக் கிடந்தவர்கள் அவர்கள். கூட்டிவந்தவர்களில் ஒருவர் பார்லி பிராட். படகில் முதல் ஆளாக ஏறிய ஜோசப் ஸ்மித், பிராட்டின் மனைவியையும் பிறந்து மூன்று நான்கு நாளே ஆன அவர்கள் குழந்தையையும் கண்டு கண் கலங்கினார். அந்தச் சந்திப்புக்குப் பிறகு, மே மாதத்தில், மொஃபிட்டின் பாதிப் பங்கை ஜோசப் வாங்கினார். ஜோன்ஸ் கேப்டனாகவும் மறுபாதிக்கு உரியவராகவும் தொடர்ந்தார். 1844 வசந்தத்தில் ஜோன்ஸின் பாதியும் ஜோசப்பிடம் வந்தது.

முதல் படகுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இங்கே படகை ஓட்டியவருக்கே அதில் பாதி சொந்தம். பாறையில் ஏறினால் அவர் காசும் போகும். அமர்த்திய பைலட்டுக்கு அந்தப் பயம் கிடையாது.

அந்தப் படகு என்ன வேலை செய்தது?

ஓடத்துறைப் படகாக நாவூவுக்கும் மான்ட்ரோஸுக்கும் நடுவே ஆட்களையும் மாடுகளையும் வண்டிகளையும் ஏற்றி இறக்கியது. 1843 ஜூன் 3 அன்று இசைக்குழுவோடு ஒரு கூட்டத்தைக் குவின்சி வரை உல்லாசப் பயணம் அழைத்துப் போனது. மிசூரியில் இருந்து கையில் ஒன்றுமில்லாமல் ஓடிவந்தவர்களுக்கு முதலில் சோறு போட்ட ஊர் குவின்சி. அங்கே பாட்டும் வாத்தியமுமாகத் திரும்பிப் போனது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அதே மாதம் 23ஆம் தேதி ஜோசப்பை இலினாயின் வடக்கே டிக்சன் அருகே கைது செய்தார்கள். அவரைப் படகில் ஏற்றி இலினாய் ஆறு வழியாக மிசூரிக்குக் கடத்திவிடுவார்களோ என்று நாவூ பயந்தது. எழுபத்தைந்து பேர் போல மெய்ட் ஆஃப் அயோவாவில் ஏறி, கீழே இறங்கி, இலினாய் ஆற்றுக்குள் திரும்பிப் பியோரியா வரை போய் எதிர்வந்த படகுகளை எல்லாம் கவனித்தார்கள். ஜோசப் வேறு வழியாக 30ஆம் தேதியே ஊருக்கு வந்துவிட்டார்.

1844 ஏப்ரல் 13 அன்று வில்லியம் கே தலைமையில் லிவர்பூலில் இருந்து புறப்பட்ட இருநூற்றுப் பத்துப் பேரை இதே படகு கொண்டுவந்து சேர்த்தது. அந்தப் பயணத்தில் வந்த பிரிசில்லா ஸ்டெயின்ஸ் பின்னாளில் தன் நினைவுகளைச் சொன்னார்: கரைகளில் ஏச்சு, படகுக்குத் தீ வைக்கும் முயற்சி, பெரிய படகு ஒன்று மோத வந்தபோது கேப்டன் துப்பாக்கியைக் கையில் எடுத்தது. படகு யாருடையது என்று ஆறு முழுக்கத் தெரிந்திருந்தது. வேறு படகில் வந்திருந்தால் கூட்டத்தோடு கூட்டமாகத் தப்பியிருப்பார்கள். தங்கள் படகில் வந்ததால் பகையும் அவர்களைத் தேடி வந்தது.

மேயரே படகுக்காரராக இருந்தது சரியா?

சரியில்லை என்றே நினைக்கிறேன். 1842 மே முதல் ஜோசப் நாவூவின் மேயர். 1843 ஜூன் 1 அன்று ஓடத்துறை நடத்தும் உரிமையை நகர மன்றம் ஒரு சட்டம் இயற்றி ஜோசப் ஸ்மித்துக்கே கொடுத்தது. அந்த டிசம்பரில் ஆற்றில் அணை கட்டும் உரிமையும் அவருக்கே. உரிமம் கேட்பவரும் கொடுக்கும் மன்றத்தின் தலைவரும் ஒருவரே.

நாவூ மக்கள் பெரும்பாலும் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. ஏழைகளை ஏற்றிவரும் படகு, அதன் வருமானம் கடைசியில் ஊர் வேலைக்குத்தான் போகும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் உண்மை இருந்தது. ஆனால் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பார்த்தது வேறு: மதம், நகராட்சி, நீதிமன்றம், படைப்பிரிவு, ஓடத்துறை எல்லாம் ஒரே கையில். நாவூவைச் சுற்றி எழுந்த வெறுப்புக்கு இதுவும் தீனி போட்டது.

சாதாரணப் பயணிக்குப் பயணம் எப்படி இருந்தது?

நியூ ஆர்லியன்ஸில் இருந்து செயிண்ட் லூயிஸுக்கு ஏறத்தாழ 1,200 மைல். கீழ்த்தளக் கட்டணம் இரண்டரை, மூன்று டாலர். படுக்கை கிடையாது, சாப்பாடு கிடையாது. சரக்கு மூட்டைகளுக்கு நடுவே இடம் பிடித்து, பொது அடுப்பில் முறை வைத்துச் சமைக்க வேண்டும். பக்கத்திலேயே கொதிகலன். வெடித்தால் முதலில் போவது கீழ்த்தளத்து ஏழைகள்தான்.

வாடகைப் படகில் பெரிய விபத்து நடந்ததா?

நடந்தது. சலூடா. நாவூவை விட்டு மக்கள் 1846இல் மேற்கே போய்விட்டார்கள். யூட்டாவுக்குச் செல்லும் புதுக் குடியேறிகள் செயிண்ட் லூயிஸில் இருந்து மிசூரி ஆறு வழியாகப் போனார்கள். 1852 வசந்தத்தில் ஈலை கெல்சி என்ற மூப்பர் தன் கூட்டத்துக்குச் சலூடா என்ற படகைப் பேசி முடித்தார். பழைய படகு. 1847இல் ஒரு முறை மூழ்கி, தூக்கி எடுத்துப் பழுது பார்த்தது. வாடகை மலிவு. சுமார் 90 மார்மன் பயணிகள், அவர்களோடு மற்றவர்களும்.

மார்ச் 30 அன்று புறப்பட்டது. மிசூரியில் வெள்ளம், பனிக்கட்டிகள் மிதந்து வந்தன. லெக்சிங்டன் ஊருக்கு மேலே உள்ள வளைவில் நீரோட்டத்தை எதிர்த்துப் படகால் ஏற முடியவில்லை. பல முறை முயன்று பின்வாங்கியது. நாட்கள் போயின. சிலர் இறங்கித் தரைவழியே போனார்கள். வாடகையை ஏற்கெனவே கட்டிவிட்ட ஏழைகள் இறங்கவில்லை. ஏப்ரல் 9, புனித வெள்ளி. காலை ஏழரை மணியளவில் கேப்டன் பிரான்சிஸ் பெல்ட் நீராவியை இன்னும் ஏற்றச் சொன்னார். சக்கரம் ஓரிரு முறை சுழன்றது. கொதிகலன்கள் வெடித்தன. 75 பேருக்கு மேல், சில கணக்குகளில் நூற்றுக்கு மேல், இறந்தார்கள். பெல்ட்டும் அவர்களில் ஒருவர்.

லெக்சிங்டன் மக்கள் செய்ததை மறக்கக் கூடாது. மிசூரி மாநிலம் மார்மன்களைத் துரத்தி பதினான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதே மாநிலத்து ஊர் காயம்பட்டவர்களைத் தூக்கிப் போய் வைத்தியம் பார்த்தது, இறந்தவர்களைப் புதைத்தது, பணம் திரட்டியது. பெற்றோரை இழந்த சில குழந்தைகள் அந்த ஊர் வீடுகளிலேயே வளர்ந்தார்கள்.

அந்த விபத்துக்கு யார் பொறுப்பு?

பெல்ட் கேப்டன் மட்டுமல்ல, படகில் பங்குதாரரும்கூட. மேலே சொன்னேன், ஓட்டுபவருக்கே பங்கு இருந்தால் எச்சரிக்கை வரும் என்று. சலூடாவில் அது எதிர்ப்பக்கம் திரும்பியது. ஒவ்வொரு நாள் தாமதமும் அவர் பையில் இருந்து போனது. பயணிகள் இறங்கினால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்ற நெருக்கடி. அவசரப்பட்டார். படகைப் பேசி முடித்த கெல்சிக்கோ கொதிகலன் அறையில் ஒரு வார்த்தை சொல்ல அதிகாரம் இல்லை, ஏனென்றால் ஆட்களோடு சேர்த்து எடுத்த வாடகை அது. மலிவு என்பதைத் தவிர அவர் கையில் சோதித்துப் பார்க்க எதுவும் இருக்கவில்லை. 1838இல் வந்த பரிசோதனைச் சட்டம் இருந்தது. அதன்படி நடந்த சோதனைகள் பெயரளவுக்குத்தான்.

சலூடாவும் அந்த ஆண்டின் மற்ற வெடிப்புகளும் சேர்ந்து நாட்டை உலுக்க, 1852 ஆகஸ்ட் 30 அன்று புதிய நீராவிப் படகுச் சட்டம் வந்தது. கொதிகலனை நீரழுத்தம் கொடுத்துச் சோதிப்பது, பைலட்டுக்கும் இயந்திரக்காரருக்கும் உரிமம், அரசுப் பரிசோதகர்கள் என்று பல் உள்ள சட்டம். அதற்குப் பின் படகு அமர்த்துபவர் சான்றிதழைக் காட்டு என்று கேட்க முடிந்தது.

மற்ற மதச் சமூகங்கள் இதை எப்படிக் கையாண்டன?

ஜெர்மனியில் இருந்து வந்த ஜார்ஜ் ராப்பின் ஹார்மனி சமூகம் இதற்கு நேரெதிரான நல்ல எடுத்துக்காட்டு. 1824–25இல் இந்தியானாவில் இருந்த தங்கள் முழு ஊரையும் ராபர்ட் ஓவனுக்கு விற்றுவிட்டு, ஆற்று வழியாகவே பென்சில்வேனியா திரும்பி, பிட்ஸ்பர்க் அருகே எக்கானமி என்ற ஊரைக் கட்டினார்கள். அந்த இடப்பெயர்ச்சியில் வில்லியம் பென் என்ற நீராவிப் படகு அவர்களுக்காக ஓடியது. அவர்களிடம் தனிச்சொத்து கிடையாது, எல்லாம் பொதுப்பெட்டி. வியாபாரத்தை ராப்பின் வளர்ப்பு மகன் ஃபிரெடரிக் தனியாகப் பார்த்துக்கொண்டார். விஸ்கியும் துணியும் விற்ற பணம் கையில் இருந்தது. நாவூவோ ஒவ்வொரு மாதமும் வெறுங்கையோடு வரும் நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றுக்கொண்ட ஊர். ஹார்மனி மக்கள் மணம் செய்யாமல் இருந்து, புதியவர்களைச் சேர்க்காமல் சிறுத்துப்போனார்கள். கடன் இல்லாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எனவே ஒன்றைக் காட்டி மற்றதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேப்டன் டான் ஜோன்ஸ் என்ன ஆனார்?

ஜோசப்பின் கடைசி இரவில் கார்த்தேஜ் சிறையில் உடன் இருந்தவர்களில் அவரும் ஒருவர். மறுநாள் காலை வழக்கறிஞருக்கான கடிதத்தோடு குவின்சிக்கு அனுப்பப்பட்டதால் உயிர் தப்பினார். 1845இல் வேல்ஸுக்குப் போய் மெர்தர் டிட்வில் பகுதியில் தாய்மொழியிலேயே பிரசங்கம் செய்து ஆயிரக்கணக்கானவர்களை மாற்றினார். 1849இல் அவர்களில் ஒரு கூட்டத்தை அழைத்து வந்தபோது மிசூரி ஆற்றுப் படகில் காலரா பலரைக் கொண்டுபோனது. சில ஆண்டுகளில் சபை ஆற்று வழியையே கைவிட்டு, 1855இல் இருந்து குடியேறிகளைக் கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களில் இறக்கி ரயிலில் அனுப்பத் தொடங்கியது.

இப்போது அங்கே போனால் என்ன பார்க்கலாம்?

நாவூவில் பழைய வீடுகளைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள். ஆற்றுத் துறைக்கு நடந்தே போகலாம். நீர்விரைவைப் பார்க்க முடியாது. 1877இல் அதைச் சுற்றிக் கால்வாய் திறந்தார்கள். 1913இல் கியோகக் அணை வந்ததும் பாறைகள் முழுதும் தண்ணீருக்குள் போய்விட்டன. ஆறு அங்கே இப்போது ஏரி போல அகன்று கிடக்கிறது. சலூடாவில் இறந்தவர்களுக்கு லெக்சிங்டனில் நினைவிடம் இருக்கிறது. மிசூரிப் பக்கம் போகிறவர்கள் அங்கேயும் இறங்கிப் பார்க்கலாம்.